சுணை தெரியாத கை

அரிசிக்கு நீலச் சாயம் போடப் போகிறார்கள் என்று என் காதில் விழுந்தபோது நான் பகல் சாப்பாட்டில் இருந்தேன். வந்த கோபத்தில் கையிலிருந்த சோற்றுப் பிடியைப் பீங்கான் தட்டில் எறிந்தேன். நான் எறிந்ததும் அரிசிச் சோறுதான் என்பது பிறகுதான் உறைத்தது. அதற்கும் அவர்கள் மேல்தான் கோபம் வந்தது.

விஷயத்தைச் சொன்னது என் மகள். கட்டாரிலிருந்து மூன்று மாத விடுமுறையில் வந்திருந்தாள். ஐந்து வயது மகளைச் சும்மா வீட்டில் வைத்திருக்காமல் கடற்கரைப் பக்கத்து முன்பள்ளி ஒன்றில் சேர்த்திருந்தாள்.

"மில்லுல இருந்து ஒரு கிலோ அரிசி எடுத்துத் தாங்க வாப்பா. டீச்சர் கேட்டிரிக்கா."

"என்னத்துக்கு?"

"நீலக் கலர் போட்டுப் புள்ளைகள் அளைஞ்சு விளையாட. தொட்டுப் பார்த்து, மணந்து பார்த்துப் பழகிற விளையாட்டு. புதன்கிழமை வீட்டுல இரிக்கிற வயசாளி ஒராளையும் கூட்டிட்டு வரட்டாம். அப்பதான் வயசாளியளும் புள்ளைகளும் ஒட்டுவாங்களாம்."

"ஆரு வயசாளி?"

"நீங்கதான். வேற ஆரு இரிக்கா?"

நான் எழுந்து கத்தினேன். தின்கிற அரிசியைச் சாயத்தில் முக்கிக் காலில் மிதிக்கக் கொடுக்கிறவர்கள் நாளை பசியோடு வருகிறவனுக்கு என்ன கொடுப்பார்கள் என்று கேட்டேன். இன்னும் நிறையக் கேட்டேன். நான் கத்தி முடித்தபோது என் பேத்தி கதவுத் திரைக்குப் பின்னால் போய் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றாள். திரைக்குக் கீழே அவளுடைய பாதம் இரண்டும் தெரிந்தன.

நான் யார் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினாறு வயதில் மற்றவனுடைய மில்லில் மூட்டை தூக்கினேன். முப்பத்தொரு வயதில் அந்த மில்லையே வாங்கினேன். மகளுக்கு மாடி வீடு கட்டிக் கொடுத்தேன். இரண்டு தடவை ஹஜ் செய்தேன். எவனிடமும் கைநீட்டாமல் செய்தேன். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நெல் வாங்கி விற்கிற யாரிடமும் போய்க் கேளுங்கள். சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி பிடித்தால், இது நற்பிட்டிமுனை வயல் வட்டை நெல்லா, ஆலையடிவேம்புப் பக்கத்து நெல்லா, எத்தனை நாள் வெயில் கண்டது, எவ்வளவு பதர் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். படித்தவர்கள் ஈரம் பார்க்க மெஷின் கொண்டு வருவார்கள். நான் சொன்ன பிறகுதான் மெஷின் சொல்லும். இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

அப்படிப்பட்டவனிடம் சொந்தப் பேத்தி வரவில்லை.

கட்டாரில் இருந்தபோது போன் திரையில் முத்தம் கொடுத்த பிள்ளை அவள். இங்கே வந்து நேரில் பார்த்ததும் தாயின் பின்னால் ஒளிந்தவள் இரண்டு மாதமாகியும் வெளியே வரவில்லை. நான் மண்டபத்தில் இருந்தால் சுவரோரமாகவே நடந்து போவாள். தாய் உந்திவிட்டால் தரையில் மூன்று மாபிள் கல் தூரத்தில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு ஓடுவாள். பொம்மை வாங்கிக் கொடுத்தேன். பொம்மையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மில் சத்தத்துக்கு மேலால் நாற்பது வருடம் கத்திப் பழகிய தொண்டை இது. மெதுவாகக் கூப்பிட்டாலும் அவளுக்கு ஏச்சாகத்தான் கேட்கிறது. அவர்கள் திரும்பிப் போக இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது. அதற்குள் அந்தப் பிள்ளை ஒரு தடவையாவது தானாக வந்து என் கையைப் பிடிக்க வேண்டும் என்பது என் ஆசை. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். வெட்கம் வந்தால் எனக்குக் கோபம் வரும்.

அடுத்த நாள் காலையிலேயே முன்பள்ளிக்குப் போனேன். டீச்சர் என் மகளைவிட இளையவள். அபாயாவின் கையை மடித்துவிட்டுச் சட்டி கழுவிக்கொண்டு நின்றாள்.

"அரிசியில விளையாடுறது ஹராம் என்டு தெரியாதா டீச்சர்?"

"வண்டு விழுந்த அரிசி ஹாஜியார். கடையில ஒதுக்கிப் போட்டது. கழுவி, காயவச்சு, கலர் போடுவம். விளையாடி முடிஞ்சா கோழிக்கி."

"நீல அரிசிய எந்தக் கோழி தின்னும்?"

"எங்கட வீட்டுக் கோழி தின்னும். வட்டிலப்பத்துக்குப் போடுற கலர் மாதிரித் தின்னுற கலர்தான்."

கருப்பட்டியில் அவிக்கிற வட்டிலப்பத்துக்கு யார் கலர் போடுவது? அதற்கும் ஏசினேன். அவள் சிரித்தாளே தவிர, அசையவில்லை. என் மகளிடம் ஒரு கிலோ கேட்டது எதற்கு என்றேன். வண்டு அரிசி போதாமல் போய்விட்டது, அதுதான் கேட்டோம் என்றாள். ஆக, நல்ல அரிசியும் சாயத்தில் முங்கத்தான் போகிறது. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. வருகிற யோசனை எல்லாம் நல்ல யோசனை என்று நினைப்பதுதான் என்னிடம் உள்ள பிழை.

"சாயம் கீயம் ஒண்டும் வேணாம். நெல்லு நான் தாறன். ஒரு மூட்டை. புள்ளைகள் நெல்லுல விளையாடட்டும்."

"சுத்தமான நெல்லா ஹாஜியார்? சுணை இரிக்காதா?"

"ஆருட்ட கேக்கிறீங்க டீச்சர்?"

நெல்லில் ஒரு மெல்லிய உரோமம் உண்டு. வைக்கோல் தூசியோடு சேர்ந்து தோலில் ஒட்டினால் அரிப்பெடுத்துக் கடிக்கும். அதுதான் சுணை. பழைய நெல்லைத் தூற்றித் துப்புரவாக்கினால் பெரும்பாலும் போய்விடும். என் களஞ்சியத்தில் அப்படிப்பட்ட நெல் நூறு மூட்டைக்கு மேல் கிடந்தது. நான் அதை எடுக்கவில்லை. பெரும்போக அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம். புதன்கிழமை விடியற்காலை மெஷின் வெட்டிய நெல், உழவு இயந்திரப் பெட்டியில் மில்லுக்கு வந்திருந்தது. வட்டையின் வாசம் மாறாத நெல். பேத்தியின் கைக்குப் பழையதைக் கொடுப்பேனா? அதிலேயே ஒரு மூட்டையைக் கட்டச் சொன்னேன். முழங்கை வரை கையை விட்டும் பார்த்தேன். ஒன்றும் கடிக்கவில்லை.

முன்பள்ளியில் பன்பாய் விரித்திருந்தார்கள். ஒரு சட்டியில் சவர்க்கார நுரை, ஒன்றில் ஈரக் கடல் மண், ஒன்றில் பயறு. ஒரு மூலையில் அந்த நீல அரிசியும் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு சட்டியைச் சுற்றியும் கிழடுகளும் குஞ்சுகளும். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், எப்போதும் இஸ்திரி போட்ட சேட்டோடு திரிகிறவர், சப்பாணி கொட்டி இருந்துகொண்டு பேரனோடு முழங்கை வரை நுரை அளைந்தார். என்னைக் கண்டதும் குரல் கொடுத்தார்.

"வாங்க ஹாஜியார்! அஞ்சாம் வகுப்புல விட்ட இடத்துல இருந்து தொடங்குவமா?"

"நுரைய முகத்துல பூசுங்க சேர். வெளிச்சமா இரிக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். என் பேத்தி சிரிக்கவில்லை. தாயின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முழங்கால் வலியால் நான் கதிரையில் இருந்துதான் தொழுகிறவன். அன்று பாயில் இருந்தேன். இருக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்பதை எழுதப் போவதில்லை. மூட்டையை அவிழ்த்துப் பெரிய பேசனில் கொட்டினோம். நெல் விழும் சத்தத்துக்குப் பிள்ளைகள் எல்லாம் திரும்பினார்கள். நுரையையும் மண்ணையும் விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அதிபரின் பேரனே முதலில் வந்தான். நான் அதிபரைப் பார்த்தேன்.

கடைசியாக என் பேத்தி வந்தாள். முதலில் ஒரு விரல். பிறகு கை. பிறகு முழங்கை வரை இரண்டு கையையும் புதைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நானும் கையைப் புதைத்தேன். கத்தவில்லை, கதைக்கவுமில்லை. நெல்லுக்கு மேலே எங்கள் முழங்கைகள் மட்டும் தெரிந்தன.

கொஞ்ச நேரத்தில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற மாதிரித் தோளைக் குலுக்கினாள்.

"மூத்தாப்பா, புடிச்சிட்டன்."

"என்னத்த?"

"உங்கட விரல. தெரியல்லயா?"

தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. நெல்லுக்குள் என் விரலை ஒரு பிள்ளை பிடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

"தெரியும், தெரியும்," என்றேன்.

"அப்ப எந்த விரல்?"

"பெருவிரல்."

"இல்ல!"

"சின்ன விரல்."

"இல்ல! இல்ல!"

அவள் வெடித்துச் சிரித்தாள். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "எங்கட மூத்தாப்பாக்கு விரல் தெரியாது!" என்று சொன்னாள். எங்கட மூத்தாப்பா. இரண்டு மாதத்தில் முதல் தடவை. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. பேசனுக்குள் கிடந்த என் சொந்தக் கையின் மேல் அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

இது எனக்குப் புதிதல்ல என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து பதினைந்து வருடம்; அது கைகாலை மரக்க வைத்துவிட்டது. ஒரு நாள் செருப்புக் கழன்றது தெரியாமல் மில் முற்றத்தில் பாதித் தூரம் நடந்திருக்கிறேன். இரண்டு போகமாக நான் நெல்லைக் கையால் பார்க்கவில்லை. கையை விடுவது ஊருக்குக் காட்ட. பிறகு ஒரு மணியைப் பல்லால் கடித்து, கண்ணால் பார்த்துத்தான் விலை சொல்கிறேன். முதலாளியின் புது ஸ்டைல் என்று மில்லில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மகளுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாததை ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தது.

அப்போதுதான் அதிபரின் பேரன் கழுத்தைச் சொறிந்தான். அடுத்த பிள்ளை வயிற்றைச் சொறிந்தது. பிறகு யார் தொடங்கினார்கள் என்று சொல்ல முடியாமல் பன்னிரண்டு பிள்ளைகளும் அழுதன. நெல்லுக்குள் கைவிட்ட கிழடுகளும் சொறிந்தார்கள். என் பேத்தியின் முழங்கையில் சிவப்புச் சிவப்பாய்த் தடித்திருந்தது.

"கடிக்குது உம்மா! கடிக்குது!"

டீச்சர் ஓடி வந்து ஒரு பிடி நெல்லை எடுத்தாள். அந்த நிமிடமே கையை உதறினாள்.

"இது இண்டைக்கு வெட்டின நெல்லா ஹாஜியார்? நான் கேட்டன்தானே! ஆருட்ட கேக்கிறீங்க என்டு கேட்டீங்களே!"

முப்பது வருடமாக என்னை யாரும் பொது இடத்தில் ஏசியதில்லை. அவள் ஏசினாள். அதிபர் முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, "ஈரம் பார்க்கிற மெஷின விட இவர்ட கை திறம் என்டுதான் ஊர்ல கதை," என்றார்.

பைப்படிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளைக் கழுவினோம். தேங்காய் எண்ணெய் பூசினோம். என் பேத்தியின் கையை நான்தான் தண்ணீருக்குள் பிடித்திருந்தேன். அவள் விம்மிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கடிக்கல்லயா?"

"இல்ல."

"பொய்!"

பொய்யா என்று பார்க்க அவள் தன் நகத்தால் என் புறங்கையைப் பிறாண்டினாள். நான் கையை இழுக்கவில்லை. இன்னும் பலமாகப் பிறாண்டினாள். மூன்றாம் தடவை தோல் கிழிந்து மெல்லிய சிவப்புக் கோடு வந்தது. அவள் அதைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், அழுகையை நிறுத்திவிட்டுத் தாயிடம் ஓடிப் போனாள்.

ஓட்டோவில் வரும்போது மகள் பிள்ளையின் கைக்கு ஊதிக்கொண்டே வந்தாள். வாசலில் இறங்கியதும் என் பக்கம் திரும்பினாள்.

"சாயம் போட்ட அரிசி ஒரு புள்ளயையும் கடிக்கல்ல வாப்பா. உங்கட நெல்லுதான் கடிச்ச. எப்பயும் உங்கட சாமான்தான் பெருசு."

"நான் அவளுக்காகத்தான் கொண்டு வந்தன்."

"எங்களுக்காகவும் மில்லுதான் வாங்கினீங்க. ஒரு நாளாவது எங்களோட தரையில இருந்தீங்களா?"

இன்று இருந்தேனே என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைகளின் தாய்மார் போன் குழுவில் என்ன எழுதினார்கள் என்பதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. பள்ளிவாசலுக்கு லுஹர் தொழுகைக்குப் போனால், இரண்டு பேர் சும்மா கழுத்தைச் சொறிந்து காட்டினார்கள். மில்லில் ஒருவனுக்குக் காரணமில்லாமல் ஏசினேன். களஞ்சியத்துக்குள் தனியே போய், பழைய நெல், புது நெல், உமி, தவிடு என்று ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒன்றாகவே இருந்தது. தடித்த துணியைப் போர்த்துக்கொண்டு தொடுகிற மாதிரி. நாற்பது வருடம் என் கையைத் தின்ற நெல், இப்போது என்னை யார் என்றே கேட்காதது மாதிரி இருந்தது. கால் பெருவிரலால் ஒரு மூட்டையை உதைத்தேன். அதுவும் தெரியவில்லை.

நாலாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மண்டபத்தில் இருந்தேன். பேத்தி வந்தாள். சுவரோரமாக அல்ல, நேராக வந்தாள். கையில் எண்ணெய்ப் போத்தல். என் புறங்கையில் அவள் பிறாண்டிய இடம் காய்ந்து கறுத்திருந்தது. அதில் எண்ணெய் பூசினாள். வேண்டியதைவிட மூன்று மடங்கு பூசினாள், நான் உடுத்திருந்த சாரமெல்லாம் எண்ணெய். பிறகு கதிரைத் துணியை இழுத்து என் கைக்கு மேல் போட்டுவிட்டுத் துணிக்குள் தன் கையை விட்டாள்.

"எந்த விரல்?"

ஒரு விரலின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஐந்தில் ஒன்று; சரியாகவும் போயிருக்கலாம். பிழைத்தாலும் சிரித்திருப்பாள். அவள் முகத்தில் சிரிப்புக்கு ஆயத்தம் இருந்தது. ஆனால் அந்தக் கண்கள் பகிடியைக் கேட்கவில்லை. பைப்படியில் பார்த்ததைத்தான் கேட்டன.

"தெரியாது," என்றேன்.

இந்த வாயால் அந்தச் சொல்லை நான் பசாரில் சொன்னதில்லை. வங்கியில் சொன்னதில்லை. விளங்காத கடுதாசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே ஒழிய, தெரியாது என்று சொன்னதில்லை.

"இது?"

"தெரியாது மகள்."

அவள் துணியை எடுத்து எறிந்தாள். என் கையை மடியில் வைத்துக்கொண்டு விரல் நுனியிலிருந்து அமத்தத் தொடங்கினாள். "இஞ்ச? இஞ்ச?" கணு, உள்ளங்கை, பெருவிரல் மேடு, மணிக்கட்டு. ஒவ்வொன்றுக்கும் தெரியாது, தெரியாது என்றேன். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, அவளுடைய சின்ன நகம், குளிர்ந்த எண்ணெய், இரண்டும் ஒன்றாக வந்தன.

"இஞ்ச! இஞ்ச தெரியிது!"

நான் கத்திவிட்டேன். அவள் காதைப் பொத்தவில்லை. எழும்பி ஓடிப் போனாள். போய்விட்டாளே என்று நினைத்தேன். பச்சைக் கலர் பேனையோடு திரும்பி வந்தாள். எண்ணெயைத் தன் சட்டையால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் குறுக்காக ஒரு கோடு போட்டாள்.

"இதுக்கு அங்கால நித்திர. இதுக்கு இஞ்சால முழிப்பு," என்றாள்.

அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் அதுதான் எங்கள் விளையாட்டு. மஃரிபுத் தொழுகைக்கு வுளூச் செய்து கை கழுவினால் கோடு பாதி போய்விடும். சுபஹுக்கு முழுதும் போய்விடும். காலையில் எழும்பியதும் முகம் கழுவாமல் வந்து மறுபடி தேடிப் பிடித்துப் போடுவாள். அவள் தேடும்போது நான் கண்ணை மூடியிருக்க வேண்டும், களவு செய்யக் கூடாது என்பது சட்டம். எங்களுக்கு இடையில் ஒரு மாபிள் கல்லும் இருக்கவில்லை. அவள் என் மடியில் இருந்தாள்.

கோட்டைக் கண்டுதான் மகளுக்கு விஷயம் விளங்கியது. அழுதாள், பிறகு ஏசினாள். அடுத்த நாளே டாக்குத்தரிடம் கொண்டு போனாள். அவர் ஊசி முனையால் குத்திக் குத்திப் பார்த்தார். எந்த இடத்தில் உணர்வு தொடங்குகிறது என்று கேட்டார். பச்சைக் கோட்டைக் காட்டினேன்.

"ஆரு போட்ட?"

"என்ட பேத்தி. அஞ்சு வயசு."

அவர் குத்திப் பார்த்துவிட்டு, ஒரு நெல்மணி நீளம்தான் பிழை என்றார். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன். சாக்குக்குள் கைவிட்டு நெல் சொன்ன காலத்தில்கூட நான் அப்படிப் பெருமைப்பட்டதில்லை. ஆனால் போன உணர்வு திரும்பி வரும் என்று அவர் சொல்லவில்லை. இருக்கிறதையாவது காப்பாற்றுங்கள் என்றார். மாவையும் சோற்றையும் குறைக்கச் சொன்னார். மில்காரனிடம் சோற்றைக் குறைக்கச் சொல்கிறார்.

அவர்கள் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. போகும் அன்று காலையில் கோட்டை இரண்டு தடவை அழுத்திப் போட்டாள். நான் அன்று வுளூச் செய்யும்போது அந்த இடத்தில் தண்ணீரை மெதுவாகத்தான் விட்டேன். என்றாலும் மூன்றாம் நாள் போய்விட்டது. அதற்கும் எனக்குக் கோபம். சாயம் போட்ட அரிசியின் மேல் இன்றைக்கும் கோபம். பதினைந்து வருடமாக மருந்தைப் பாதி நாள் மறந்த என் மேல் கோபம். ஒரு மூட்டை நெல்லில் பத்து நிமிடம் இருந்தால் கிடைப்பதைத் தான் பெற்ற மூன்று பிள்ளைகளுக்கும் கொடுக்காமல் மில்லில் நின்று கத்திக்கொண்டிருந்த அந்த மனிசன் மேல்தான் எல்லாவற்றையும்விடக் கூடுதல் கோபம்.

நேற்று மூட்டைக்கு அடையாளம் போடும் பேனையை எடுத்து, கண்ணை மூடி, இடது கை நகத்தால் நானே தேடிப் பார்த்துக் கோடு போட்டேன். கோணலாக வந்தது. பின்னேரம் மகள் போனில் வந்தாள். பேத்தி திரைக்குள் முகத்தைக் கொண்டு வந்தாள். கையைத் தூக்கிக் காட்டினேன்.

அவள் பார்த்தாள். நெற்றியைச் சுருக்கினாள்.

"அங்க இல்ல மூத்தாப்பா. பிழை. இன்னும் கீழ."

"இஞ்சயா?"

"இன்னும் கீழ. கண்ண மூடுங்க!"

மூடினேன்.